வலீயா? வக்கீலா?

நிக்காஹ் மஜ்லிஸில் நாம் அடிக்கடி இரண்டு சொற்களைக் கேட்கிறோம். ஒன்று வலீ, மற்றொன்று வக்கீல். இருவருமே இன்னொருவருக்காகப் பேசுகிறவர்கள்தாம். ஆயினும் இருவருக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. வலீ தமக்குரிய பொறுப்பினால் பேசுகிறார். வக்கீலோ, "எனக்காக நீங்கள் பேசுங்கள்" என்று ஒருவர் ஒப்புதல் கொடுத்ததனால் பேசுகிறார். கொடுத்தவர் விரும்பினால் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு வக்கீலுக்குப் பேச வாயில்லை.

பிறருக்கு உதவி செய்ய முன்வருகிற எவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் இவருக்கு வலீயா, வக்கீலா? சிறு கேள்வியாகத் தோன்றும் இதில் ஒரு சமுதாயத்தின் மானமே அடங்கியிருக்கக் கூடும் என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன்.

ஒரு கடிதம்

எங்கள் ஊர் மக்தபில் சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர், படித்துப் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் சமூகப் பணியாளராக இருக்கிறார். அந்நாட்டின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து செம்மண் பாதையில் பல மணி நேரம் சென்றால் வரும் பூர்வகுடிச் சிற்றூர் ஒன்றில் முதியோருக்குப் பணி செய்து வந்தபோது அவர் எனக்கு எழுதினார்:

"ஹஜ்ரத்! இங்கே ஒரு மூதாட்டி இருக்கிறார். அரசாங்க உதவிப் பணம் பெறுகிறவர். பணம் வந்த அன்றே பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு வாங்கிப் போய்விடுகிறார்கள். சிலர் குடிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். மறுநாள் பாட்டியின் அடுப்பில் நெருப்பில்லை. இங்குள்ள சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 'இவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்' என்று மதிப்பிட்டால், அவருடைய பணத்தில் பாதியை ஓர் அட்டையில் போட்டுவிடுவார்கள். அந்த அட்டையைக் கொண்டு மதுவோ புகையிலையோ வாங்க முடியாது, சூதாட முடியாது. உணவு, துணிமணி வாங்கலாம். இந்தப் பாட்டியின் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஹராமைத் தடுப்பது நன்மைதானே என்று எண்ணுகிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பேனா ஓடவில்லை. நான் என்ன செய்ய?"

படித்தவுடன், "இதில் தயங்குவதற்கு என்ன இருக்கிறது? எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதானே!" என்றுதான் எனக்கும் தோன்றியது. மதுவின் கேட்டையும் சூதின் கேட்டையும் நம் மார்க்கத்தைவிடக் கடுமையாக எடுத்துரைத்தவர் யார்? ஆனால் 'பேனா ஓடவில்லை' என்ற அந்தச் சொல் என்னை நிறுத்திற்று. அந்த மக்களின் வரலாற்றைச் சிறிது படித்த பின்பே பதில் எழுதினேன். படித்ததையும் அதன்மேல் சிந்தித்ததையும் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

காவல் என்ற பெயரில்

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்பவர்கள். வெள்ளையர் ஆட்சி வந்த பின், அவர்களை அடித்து ஒடுக்கியதும் உண்டு. 'காப்பாற்றுகிறோம்' என்று கூறி ஒடுக்கியதும் உண்டு. இரண்டாவதுதான் நம் சிந்தனைக்குரியது.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1897ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 'பாதுகாவலர்' என்ற பெயரில் அதிகாரிகள் அமர்த்தப்பட்டார்கள். பூர்வகுடியினர் எங்கே வாழ்வது, யாரை மணப்பது, எங்கே வேலை செய்வது என்பதெல்லாம் அவர்கள் கையில். உழைத்த கூலியும் உழைத்தவர் கைக்கு முழுமையாகப் போகவில்லை. பல பத்தாண்டுகள் அரசின் பிடியில் இருந்தது. அந்தக் கூலிக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2019ஆம் ஆண்டுதான் 190 மில்லியன் டாலர் தர அம்மாநில அரசு இணங்கியது. அதற்குள் உழைத்தவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அநாதையின் சொத்தை உண்ணும் காப்பாளனைப் பற்றி நம் வேதம் விடுத்துள்ள எச்சரிக்கையை அறிந்தவர்கள் இதைப் படித்து நடுங்காமல் இருக்க முடியாது. இவர்களோ அநாதைக் குழந்தைகள்கூட அல்லர். வயது வந்த ஆண்களும் பெண்களும்!

வட பிரதேசமாகிய நார்தர்ன் டெரிடரியில் 1953இல் இயற்றப்பட்டு 1957இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், அங்குள்ள பூர்வகுடியினரில் ஏறத்தாழ அனைவரையும் அரசின் காப்பில் உள்ளவர்கள் என்று பதிவேட்டில் எழுதி வைத்தது. அல்பர்ட் நமஜிரா என்ற புகழ்பெற்ற ஓவியர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவருக்குக் குடியுரிமை உண்டு. அவருடைய உறவினருக்கு இல்லை. உள்ளதை உறவினரோடு பகிர்ந்துகொள்வது அம்மக்களின் வழக்கம். 1958இல், காப்பில் இருந்த உறவினர் ஒருவருக்கு மது கொடுத்தார் என்ற குற்றத்திற்காக அவர் தண்டிக்கப்பட்டார். 1959இல் மனமுடைந்த நிலையில் இறந்தார். மது கொடுத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. அவரைத் தண்டித்த அரசும் மதுவைத் தடுக்கவில்லை; வெள்ளையர் தாராளமாகக் குடித்தார்கள். ஒரே இரத்தத்தில் ஒருவரை 'வயது வந்தவர்' என்றும் மற்றவரை 'வயது வராதவர்' என்றும் பிரித்ததுதான் அச்சட்டம் செய்த வேலை. அது 1964இல் நீக்கப்பட்டது.

அட்டை வந்த கதை

2007ஆம் ஆண்டு, வட பிரதேசத்தில் பூர்வகுடிக் குழந்தைகள் படும் கொடுமைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. கொடுமைகள் உண்மை, யாரும் மறுக்கவில்லை. எதைச் செய்தாலும் அம்மக்களோடு மனந்திறந்து கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை வற்புறுத்தியது. ஆனால் ஜூன் 21ஆம் நாள் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் அந்தக் கலந்தாலோசனை மட்டும் இல்லை. 73 சிற்றூர்கள் குறிக்கப்பட்டன. அவற்றில் உதவிப் பணம் பெற்ற எல்லோருடைய பணத்திலும் பாதி முடக்கப்பட்டது. குடிப்பவரும் குடிக்காதவரும் ஒன்று. பிள்ளையை அடித்தவரும் பிள்ளையே இல்லாத முதியவரும் ஒன்று. இதற்கு இடையூறாக இருந்த 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அத்திட்டத்தின் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. 2008இல் 'பேசிக்ஸ் கார்டு' என்ற அட்டை வந்தது. 2010இல் விதிகளை மாற்றினார்கள். முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் பொதுவில் விடுவிக்கப்பட்டனர். ஆனால் 'தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்' என்று சமூகப் பணியாளர் தீர்மானிப்பவரை அட்டைக்குள் கொண்டுவர வழி வைக்கப்பட்டது. 2023இல் அட்டையின் பெயரும் மாறியது. நம் மாணவரின் பேனாவுக்கு அவ்வளவு கனம் வந்தது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுவும் ஆபாசமும் இங்கே கூடாது என்று பெரிய நீலப் பலகைகளை ஊர் வாசல்களில் அரசு நட்டது. அந்த ஊர்களில் பெரும்பாலானவை எவரும் சொல்லாமலே, தங்கள் முதியோரின் முடிவினால், பல ஆண்டுகளுக்கு முன்பே மதுவை விலக்கி வைத்திருந்தவை! தம் ஊர் வாசலில் அந்தப் பலகையைப் பார்த்த முதியவர்களின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்? நம் மஹல்லாவின் முகப்பில் "இங்கே திருடாதீர்கள்" என்று வெளியார் ஒரு பலகை நட்டால் நாம் பொறுப்போமா?

ஃபிக்ஹு கூறும் எல்லை

ஒருவர் தம் பொருளைத் தாமே கையாளாதபடி தடுத்து வைப்பதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் 'ஹஜ்ர்' என்று பெயர். சிறுவருக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கும் அது உண்டு. வயது வந்து, புத்தியும் தெளிவாக இருந்து, பொருளை வீணடிக்கிறவருக்கு உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை ஏற்கவில்லை. இருபத்தைந்து வயதுவரை அவருடைய சொத்தை ஒப்படைக்காமல் வைத்திருக்கலாம்; அதன்பின் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர்களின் முடிவு. புத்தியுள்ள மனிதரின் சொல்லைச் செல்லாததாக்குவது அவருடைய மனிதத் தன்மையையே அழிப்பதாகும். பொருள் அழிவதைவிட அது பெரிய நஷ்டம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த வயதில் ஒருவர் பாட்டனாகக்கூட ஆகியிருக்கலாமே என்று ஹனஃபீ நூல்கள் காரணம் காட்டுகின்றன. பாட்டன் ஆகக்கூடியவரின் கையைக் கட்ட அந்தப் பேரறிஞர் கூசினார்கள். நம் முன்னே இருப்பவரோ உண்மையிலேயே ஒரு பாட்டி!

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், அபூஹனீஃபாவின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களும் வீணடிப்பவரைத் தடுக்கலாம் என்றார்கள். ஆனால் அவர்கள் கூறும் தடுப்பு இன்ன மனிதருக்கு, இன்ன காரணத்திற்காக என்பதே தவிர, ஒரு நிலப்பகுதியில் வாழும் ஒரு மக்களுக்கெல்லாம் ஒருசேர என்பதல்ல. அது அவர் பொருளை அவருக்காகக் காப்பதற்கு, தண்டிப்பதற்கு அல்ல. தெளிவு வந்துவிட்டால் காவலும் போய்விடும். ஆக, அனுமதித்தவர்களின் வழியில் பார்த்தாலும் 2007இல் நடந்ததற்கு இடமில்லை.

"தீமையைத் தடுப்பது கடமையாயிற்றே?" என்று கேட்கலாம். கடமைதான். தீமை செய்தவரைத் தடுங்கள். மது விற்கிறவரைத் தடுங்கள். செய்யாதவரைச் சந்தேகிப்பதும், அவர் பையைத் துழாவுவதும் அக்கடமையில் சேராது. அரசே அமர்த்திய ஆய்வாளர்கள் 2014இல் தந்த இறுதி அறிக்கையும், கட்டாய அட்டையினால் எதிர்பார்த்த மாற்றங்கள் ஏற்பட்டதற்குத் தக்க சான்று இல்லை. சார்ந்திருக்கும் பழக்கமே வளர்ந்தது என்ற கருத்தைத்தான் கூறிற்று. கை கட்டப்பட்டவன் நீந்தப் பழகுவது எங்ஙனம்?

ருப்பியா தந்தவர்கள்

வட பிரதேசத்தின் வடகோடிக் கடற்கரையில் யொல்ங்கு என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் பணத்திற்கு 'ருப்பியா' என்று பெயர். எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? இந்தோனேசியாவின் மக்காஸர் துறைமுகத்திலிருந்து முஸ்லிம் மாலுமிகள் டிசம்பர் காற்றில் பாய்மரக் கப்பல்களில் அக்கரைக்கு வந்து, சில மாதங்கள் தங்கி, கடலட்டை எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நம் இராமநாதபுரம் கடற்கரை மக்கள் அறிந்த அதே கடலட்டைதான். 1907 வரை, நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தப் போக்குவரத்து நடந்தது. தென் ஆஸ்திரேலிய அரசு உரிமம் மறுத்து அதை நிறுத்தியது.

அவர்களெல்லாம் மகான்கள் என்று நான் கூறவில்லை, சண்டைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் அந்த மக்களிடம் பேரம் பேசினார்கள். துணியும் இரும்பும் கொடுத்தார்கள். பதிலுக்கு உரியதைப் பெற்றார்கள். பேரம் பேசுவது என்றால் எதிரில் இருப்பவர் 'இல்லை' என்று சொல்லக்கூடியவர் என்பதை ஒப்புக்கொள்வது. அந்த மக்களின் நாவில் இன்றும் 'ருப்பியா' வாழ்கிறது. பணத்திற்கு அவர்கள் கொண்ட பெயர் பேரத்தில் வந்தது; அந்தப் பணத்தைப் பூட்டும் அட்டையோ உதவியின் பெயரால் வந்தது!

முதியோர் தாமே செய்தவை

'அவர்களால் இயலாது' என்று சொல்பவர்கள் இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும்.

யுயெண்டுமு என்ற ஊரில் இளைஞர்கள் பெட்ரோல் ஆவியை முகர்ந்து மூளை கெட்டு அழிந்துகொண்டிருந்தார்கள். 1994இல் அவ்வூர் வார்ல்பிரி இன முதியவர்கள் அப்பிள்ளைகளை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மவுண்ட் தியோ என்ற தங்கள் மூதாதையர் நிலத்திற்கு அழைத்துச் சென்று, தம்மோடு வைத்து, வேட்டையும் வழக்கமும் கற்பித்துத் திருத்தினார்கள். சில ஆண்டுகளில் அவ்வூரில் அப்பழக்கம் ஏறத்தாழ ஒழிந்தது. வெளியிலிருந்து வந்த பணியாளர்களும் உடன் இருந்தார்கள். முன் நின்றவர்கள் முதியோர்.

கின்டோர் என்ற ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்திற்கே குடிபெயர வேண்டியிருந்தது. தம் மண்ணையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு, அந்நிய ஊரில் கிடந்து சாவதைவிடச் சிகிச்சையே வேண்டாம் என்று சில முதியவர்கள் கருதினார்கள். 'மருந்தை மறுக்கும் அறிவிலிகள்' என்று வெளியார் எண்ணக்கூடும். அந்த முதியவர்களோ ஓவியர்கள். 2000ஆம் ஆண்டு கூடி அமர்ந்து பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். சிட்னியில் அவை ஏலம் விடப்பட்டன. பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தங்கள் நிர்வாகத்திலேயே ஓர் அமைப்பைத் தொடங்கி, 2004இல் கின்டோரிலேயே சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். பர்ப்பிள் ஹவுஸ் என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு பின்னர் மேலும் பல சிற்றூர்களுக்குப் பரவிற்று. செவிலியர்கள் அங்கே கூலிக்கு வேலை செய்கிறார்கள். முடிவு செய்பவர்கள் நோயாளிகளின் குடும்பத்தார். நோயாளி எஜமான், உதவுகிறவர் அவருடைய வக்கீல்!

மவுனம் எல்லாம் சம்மதமா?

"கேட்டுத்தானே செய்கிறோம்" என்று சிலர் கூறுவார்கள். கேட்பதிலும் முறை உண்டு. அம்மக்களின் முதியோர் பலர் கேள்விக்கு உடனே பதில் கூறமாட்டார்கள். நெடுநேரம் மவுனமாக இருப்பார்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பதை மரியாதைக் குறைவாக எண்ணுவார்கள். தொடர்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டால், கேட்பவர் எழுந்து போனால் போதும் என்று 'ஆம்' சொல்லிவிடுவார்கள். பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. அந்த 'ஆம்' ஒப்புதல் ஆகுமா?

கன்னிப் பெண்ணின் மவுனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் அதே ஷரீஅத், மணமாகிக் கணவனை இழந்தவளிடம் வாய்மொழியாகவே சம்மதம் பெற வேண்டும் என்கிறது. மவுனத்திற்கு ஆளுக்கு ஆள் பொருள் வேறு. பேசாதவர் வாயில் ஒரு சொல்லை நாமாக வைக்கக் கூடாது என்பது நம் சட்ட அறிஞர்களின் விதி.

நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் ஒருமுறை பானம் வந்தது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். வலப்பக்கத்தவருக்கே முதல் உரிமை. முதியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் அண்ணலார் அனுமதி கேட்டார்கள். சிறுவர் இணங்கவில்லை. அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு மிடறு பானத்தில் ஒரு சிறுவரின் உரிமைக்கே இவ்வளவு மதிப்பென்றால், ஒரு மூதாட்டியின் உணவுக்காசில் அவரைக் கேட்காமல் கை வைப்பது எப்படித் தகும்?

கைவிடுவதும் குற்றமே

இதைச் சொல்லும்போதே மற்றோர் ஆபத்தையும் கண்டிக்க வேண்டும். 'அவர் பணம், அவர் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடக்கும் பாட்டியைக் கடந்து போவதும் மரியாதை ஆகாது. அது சோம்பலுக்கு நாம் வைத்துக்கொண்ட அழகிய பெயர். அம்மூதாட்டியை வருத்துவது அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகள். அந்த அநீதியிலிருந்து மீட்க ஒரு கை வேண்டும்தான். அங்குள்ள முதிய பெண்கள் சிலரே, "உறவினர் நச்சரிக்கும்போது, அட்டையில் இருக்கிறது, என்னால் தர முடியாது என்று சொல்லித் தப்ப முடிகிறது" என்று அந்த அட்டையை வரவேற்றதும் உண்டு. விரும்பியவர் தாமே கேட்டுச் சேரவும் சட்டத்தில் வழி இருந்தது. பொருள் ஒன்றுதான். கேட்டு வாங்கினால் அது பூட்டு. சாவி அவர் கையில். கேளாமல் மாட்டினால் அது விலங்கு.

நான் அந்த மாணவருக்கு எழுதியது இதுதான்: "தம்பி! நீங்கள் அவருக்கு வலீ அல்ல; வக்கீல். வக்காலத் கொடுக்க வேண்டியவர் அவர். அவருடைய மொழி தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள். முதல் நாளே கேட்டுவிடாதீர்கள். மவுனத்திற்கு நேரம் கொடுங்கள். அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். நீங்கள் விரும்புவதற்கு ஒப்புகிறாரா என்று கேட்காதீர்கள். உயிருக்கே ஆபத்து என்று கண்டால் மட்டும் காத்திராமல் தடுங்கள்; அப்போதும் அவர் அறியச் செய்யுங்கள்."

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. மூன்று முறை போய் அமர்ந்திருக்கிறார். மூன்றாம் முறை பாட்டியே பேசினாராம். பணத்தில் ஒரு பகுதியை அட்டையில் போடட்டும். மீதி கையில் வேண்டும். பேரனுக்கு ஒன்றுமே கொடுக்காமல் இருக்கத் தம்மால் ஆகாது என்றாராம். தாமே விரும்பிச் சேர்ந்தவராகப் பதிவு செய்தார்கள். சில மாதங்களில் தொலைவில் சகோதரியின் மரணம். போய்வரக் காசு தேவை. அட்டை வேண்டாம் என்றார் பாட்டி. நம் மாணவருக்கு மனமில்லை. பழையபடி ஆகிவிடுமோ என்ற பயம். ஆயினும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எல்லாம் நலமாக முடிந்ததா என்று கேட்டால், ஒரு மாதம் நன்றாகப் போகிறது, ஒரு மாதம் போகவில்லை என்றுதான் எழுதுகிறார். ஆனால் பாட்டி இப்போது தம் வீட்டு வாசலில் அவருக்கு இடம் காட்டி உட்காரச் சொல்கிறாராம்.

நம் வீட்டுக் கணக்கு

இதை எழுதும்போது என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய சம்பவம். ஒரு ஜமாஅத்தில் ஜகாத் பங்கிட்டபோது, விதவைத் தாயார் ஒருவருக்குப் பணமாகக் கொடுத்தால் மகன் பறித்துக்கொள்வான் என்று, அவரைக் கேளாமலே கடைச் சீட்டாகக் கொடுத்தோம். அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். சீட்டை வாங்கிக்கொண்டு அவர், "நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தின கை இது, மவுலவி" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. ஜகாத்தைப் பெறுகிறவருக்கே உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். 'தம்லீக்' இல்லையேல் அது நிறைவேறாது என்று ஹனஃபீ நூல்களில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான் நானும்!

உமர் (ரலி) அவர்கள் பிச்சை கேட்ட ஒரு யூத முதியவரைக் கண்டு, இளமையில் இவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் இவரைக் கைவிடுவது நீதியல்ல என்று கூறி, பைத்துல் மாலிலிருந்து அவருக்குப் பங்கு வகுத்தார்கள் என்பது வரலாறு. அவர்கள் கொடுத்ததைப் பிச்சை என்று கருதவில்லை. அவருக்குரியது என்று கருதினார்கள். நிலத்தையும் கூலியையும் இழந்த ஒரு மக்களின் முதியோருக்கு நீட்டப்படும் உதவியும் அத்தகையதே. அவருடையதை அவரிடம் சேர்ப்பவனுக்கு மேட்டிமை எதற்கு?

கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் மனத்தைப் புண்படுத்துவதும் தருமத்தின் பலனை அழித்துவிடும் என்பது நம் வேதம் கற்பிக்கும் பாடம். சொல்லிக் காட்டுவது வாயினால் மட்டுமல்ல. அட்டையினாலும், சீட்டினாலும், ஊர் வாசலில் நட்ட பலகையினாலும் நடக்கும். அடுத்த முறை நம் கையில் ஒருவருடைய பொறுப்பு வரும்போது, முதலில் அவர் எதிரே அமர்ந்து, அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்போமாக. அந்தப் பொறுமையை வல்ல அல்லாஹ் நமக்கெல்லாம் தந்தருள்வானாக! ஆமீன்.